ஸ்டேஷன் பக்கத்து பார்க்கில் நோரா: ட்ரியெஸ்டே, 1904

முதல்ல என் கதை ஒரு நிமிஷம், அப்புறம் வரலாறு.

நாலு வருஷம் முன்னாடி ஒரு ப்ராஜெக்டுக்காக ஜெர்மனி போனேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இறங்குறேன். ரூம் சாவி கொடுக்க வேண்டியவர் போனை எடுக்கவே இல்லை. ரெண்டு பெட்டி, அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி, ஸ்டேஷன் பெஞ்ச். மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரத்துல ஊரைப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயம் உருவாகிடுச்சு. ரொம்ப நாள் அது மாறவே இல்லை.

அதனாலதான் ஜேம்ஸ் ஜாய்ஸ் வாழ்க்கையைப் படிச்சப்போ, 'யுலிஸிஸ்' நாவலை விட ஒரு பார்க் என்னை அதிகமா பிடிச்சுக்கிச்சு.

1904 ஜூன்ல டப்ளின்ல ரெண்டு பேர் சந்திக்கிறாங்க. ஜாய்ஸுக்கு 22 வயசு. கல்லூரியில நவீன மொழிகள் படிச்ச பட்டதாரி, கையில காசில்லை. நோரா பார்னக்கிளுக்கு 20 வயசு. கால்வே ஊர்ப் பொண்ணு, டப்ளின்ல ஒரு ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை. நாலே மாசத்துல ரெண்டு பேரும் ஊரை விட்டுப் போக முடிவெடுக்கிறாங்க. கல்யாணம் பண்ணிக்கலை. அந்தக் காலத்து அயர்லாந்துல இது எவ்வளவு பெரிய விஷயம்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜாய்ஸ் நம்பினது ஒரு இங்கிலீஷ் ஏஜென்சியை. ஐரோப்பாவுல பெர்லிட்ஸ் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியர் வேலை, ஜூரிக் போனா போதும்னு சொன்னாங்க. இங்கே பெர்லிட்ஸ் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும். 1878-இல் அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரத்தில் மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் ஒரு மொழிப் பள்ளி ஆரம்பித்தார். உதவிக்கு வந்த பிரெஞ்சுக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த நேரம் பார்த்து பெர்லிட்ஸ் படுத்துட்டார். சில வாரம் கழிச்சு வந்து பார்த்தா, மாணவர்கள் பிரெஞ்சில் பேசிக்கிட்டு இருக்காங்க! மொழிபெயர்ப்பே இல்லாமல் நேரடியாகக் கற்பிக்கும் முறைக்கு இதுதான் தொடக்கம்னு அந்தப் பள்ளியே சொல்லும் கதை. எனக்கு இதுல சுவாரசியம் வேற இடத்துல இருக்கு. வகுப்பில் மாணவர்களின் மொழி தேவையே இல்லைன்னா, ஆசிரியருக்கும் அது தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசுற யாரை வேணும்னாலும் எந்த ஊருக்கு வேணும்னாலும் அனுப்பலாம். இங்கே காலியில்லையா, அடுத்த கிளைக்குப் போ. நம்ம ஐ.டி. கம்பெனியில பெஞ்சில் உட்கார்ந்தவங்களுக்கு இந்த முறை புதுசா இருக்காது.

அக்டோபர் 8. ஜாய்ஸை வழியனுப்ப அப்பா கப்பல்துறைக்கு வர்றார். நோரா தனியா வந்து கப்பல் ஏறுகிறாள், அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு. பயணச் செலவு முழுக்கக் கடன். நாடக ஆசிரியை லேடி கிரிகரி கொடுத்த 5 பவுண்டும் அதில் உண்டு. லண்டன்ல இறங்கினதும் ஒரு எழுத்தாளரைப் பார்க்கணும்னு நோராவை ரெண்டு மணி நேரம் ஒரு பார்க்கில் உட்கார வச்சுட்டுப் போறார். அந்த எழுத்தாளர் வீட்ல இல்லை. பாரிஸ்ல மறுபடி கடன். அப்புறம் ஜூரிக்.

ஜூரிக்ல தங்கின விடுதிக்குப் பேரு 'ஹாஃப்னுங்'. ஜெர்மன்ல நம்பிக்கைன்னு அர்த்தம். பெர்லிட்ஸ் பள்ளிக்குப் போனா, 'உங்க பேரையே நாங்க கேள்விப்பட்டதில்லை, காலியிடமும் இல்லை'ன்னுட்டாங்க. ஒரு வாரம் அங்கே ஓடுது. பிறகு, ட்ரியெஸ்டேயில் இடம் இருக்கலாம்னு தகவல்.

ட்ரியெஸ்டே இன்னைக்கு இத்தாலியில இருக்கு. அன்னைக்கு ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசின் பெரிய துறைமுகம். அரசாங்கம் பேசுறது ஜெர்மன், தெருவுல ட்ரியெஸ்டே வட்டார இத்தாலியன், ஊரைச் சுத்தி ஸ்லோவேனியன். கப்பல், வியாபாரம் எல்லாம் இருந்ததால ஆங்கிலம் கத்துக்க ஆள் இருந்தாங்க.

அக்டோபர் 20. ரயில் வந்து சேருது. நோராவை ஸ்டேஷன் பக்கத்து பார்க்கில் உட்கார வச்சுட்டு, ஜாய்ஸ் ரூம் தேடப் போறார். பெரிய சதுக்கத்துல குடிச்சுட்டுத் தகராறு பண்ணின ஆங்கிலேய மாலுமிகளோட பேச்சுக் கொடுக்கிறார், போலீஸ் இவரையும் சேர்த்து அள்ளிட்டுப் போகுது. பிரிட்டிஷ் தூதரகத்துக்காரர் அரை மனசோட வந்துதான் வெளியே எடுத்தார். ஜாய்ஸ் பத்தி எழுதுறவங்க இதை ஒரு ஜாலியான சம்பவமா சொல்வாங்க. நான் பார்க்கைத்தான் நினைச்சுக்கிறேன். அந்தப் பொண்ணுகிட்ட காசு கிடையாது. அந்த ஊர்ல ஒரு வார்த்தை தெரியாது. போனவன் வருவானான்னே தெரியாது. எனக்காவது போன்ல சார்ஜ் இருந்துச்சு.

வந்தார். ஆனா ட்ரியெஸ்டேயிலும் வேலை இல்லை! கடன் வாங்கி, ரூம் மாத்தி மாத்தி பத்து நாள் ஓட்டினாங்க. கடைசியில அங்கிருந்த பள்ளியின் தலைவர் அல்மிடானோ ஆர்டிஃபோனி வழி சொன்னார்: போலாவுல புதுக் கிளை, அங்கே போ. (இந்த மனுஷர் பேர் 'யுலிஸிஸ்'ல ஒரு இசை ஆசிரியருக்குப் போச்சு. நன்றிக்கடன்னு வச்சுக்கலாம்.)

போலா, இன்றைய குரோஷியாவின் பூலா, பேரரசின் கடற்படைத் தளம். மாணவர்கள் கடற்படை அதிகாரிகள். வாரம் 16 மணி நேரப் பாடம், 2 பவுண்டு சம்பளம். ஜாய்ஸுக்கு ஊர் பிடிக்கலை, கடற்படை சைபீரியான்னு கடிதத்துல திட்டினார். தங்கின ரூமில் அடுப்பு கிடையாது. குளிர் ஏற ஏற, அடுப்பு இருந்த ஃப்ராஞ்சினி வீட்டுக்கு ஜனவரியில் குடிபோனாங்க. பள்ளியில் கூட வேலை பார்த்தவர் இவர். ஜாய்ஸ் பேசின இத்தாலியனைக் கேட்டு ஆடிப்போனவரும் இவர்தான். தாந்தே படிச்சுக் கத்துக்கிட்ட மொழி அது. யோசிச்சுப் பாருங்க, ஒருத்தர் சங்கப் பாட்டு மட்டும் படிச்சுட்டு வந்து தி.நகர்ல ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசினா எப்படி இருக்கும்! ஃப்ராஞ்சினி பேச்சு இத்தாலியன் சொல்லிக் கொடுத்தார், ஜாய்ஸ் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்.

நோராவுக்கு இந்த மாதிரிப் பண்டமாற்று எதுவும் கிடைக்கலை. ஜாய்ஸுக்குப் பள்ளி, சக ஆசிரியர்கள், கஃபே. நோராவுக்கு நாலு சுவர், அதோட கர்ப்பம். வெளிநாட்டுல டிபெண்டன்ட் விசாவில் போன என் அக்காங்க, தோழிங்க சொல்ற கதையும் இதேதான், வருஷம் மட்டும் வேற.

1905 மார்ச்சில் ட்ரியெஸ்டே கிளையிலேயே வேலை கிடைச்சது. ஜூலை 27-ஆம் தேதி மகன் ஜார்ஜியோ பிறந்தான். அக்டோபர்ல தம்பி ஸ்டானிஸ்லாஸையும் டப்ளினிலிருந்து வரவழைச்சு அதே பள்ளியில் ஆசிரியராக்கினார் ஜாய்ஸ். அண்ணன் குடும்பத்தோட வாடகையும் கடனும் பெரும்பாலும் அந்தத் தம்பி தலையிலதான் விழுந்தது. அந்தப் பாவப்பட்ட மனுஷருக்கு ஒரு முழு எபிசோடே போடணும்.

நோரா அந்த ஊர்ப் பேச்சைக் கத்துக்கிட்டாள். மகள் லூசியா 1907-இல் பிறந்தாள். பிறகு உலகப் போர், ஜூரிக், பாரிஸ்னு எங்கெங்கேயோ போனாங்க. ஆனா அந்த அயர்லாந்துக் குடும்பம் வீட்டுக்குள்ள பேசின மொழி கடைசி வரை ட்ரியெஸ்டே இத்தாலியன்தான்.