குன்னூர் படிக்கட்டும் ஸ்பீக்கர் காந்தமும்

குன்னூர்ல கிறிஸ்துமஸ் கச்சேரி. கிடார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்கிட்டுப் படியேறினதுல இடுப்பு போச்சு, மக்கா! பெட்டி என்னவோ லேசான ப்ளைவுட்தான். கனமெல்லாம் உள்ளே இருந்த ஸ்பீக்கரோட காந்தம்.

முன்னெல்லாம் அல்நிகோ காந்தம். அதுல கோபால்ட் உண்டு. 1978-ல் ஜைர் நாட்டுச் சண்டையில கோபால்ட் விலை எகிற, அல்நிகோவை விடாம இருந்தவங்களும் ஃபெரைட்டுக்குத் தாவினாங்க. மலிவு, ஆனா கனம். 1980-களில் வந்த நியோடிமியம் கொஞ்சமே போதும்.

அந்த நியோடிமியம் இருக்கிற மோனசைட்டை, 1909-ல் ஷோம்பர்க்ங்கிற ஜெர்மானியர் கண்டுபிடிச்சது நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல! (அவர் தேடினது காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம்.)

வாங்கும்போது சென்சிட்டிவிட்டியும் பாருங்க. 97-க்குப் பதிலா 100 டெசிபல்னா ஆம்ப்ளிஃபயர் வாட்டேஜ் இரட்டிச்ச மாதிரி. நான் நியோடிமியத்துக்கு மாறிட்டேன். ஃபெரைட் ஓசைதான் ஒசத்தின்னு சொல்றவங்க, அடுத்த டிசம்பர்ல பெட்டி தூக்க வாங்க.