பழந்துணியும் புதுச் சந்தையும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில் துணிப்பெட்டி ஒன்று தவறாமல் இருக்கும். கல்யாணத்தில் கட்டிய கூறைப்புடவை, தீபாவளிக்கு ஒரே முறை உடுத்திய பட்டு, குழந்தை வளர்ந்துவிட்டதால் ஒதுங்கிப்போன பாவாடை சட்டை ஆகியவை அதில் உறங்கும். வீடு மாறும்போதெல்லாம் அப்பெட்டியும் உடன் வரும். அதைத் திறந்து, உள்ளவற்றை இணையத்தின் வழியே விற்றால் என்ன என்று இன்று பல பெண்மணிகள் எண்ணுகிறார்கள். கடை வேண்டா, பெரிய முதலும் வேண்டா, கையிலுள்ள தொலைபேசியே போதும். ஆயினும் இரண்டு தடைகள் குறுக்கே நிற்கின்றன. உடுத்திய துணியை விற்பதா என்னும் கூச்சம் ஒன்று; முகமறியாதவர் நம்மை நம்பி வாங்குவாரா என்னும் ஐயம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. அவ்விடையைத் திருப்பதியிலிருந்து தேடத் தொடங்குவோம்.

திருப்பதியும் சித்தூரும் நமக்கு அயலூர்கள் அல்ல. 1911-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் வட ஆற்காட்டுப் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இருந்த வீட்டை விட்டு நகராமலே பிற மாநிலத்தவராகிவிட்ட தமிழர்கள் அந்த எல்லையோரத்தில் உண்டு. நகரி, புத்தூர், நாராயணவனம் பகுதிகள் தறியோசைக்குப் பெயர் பெற்றவை. காளத்தி கலம்காரித் துணிக்குப் பெயர் பெற்றது. துணியின் அருமை அறிந்த மண் அது.

அம்மண்ணிலேயே உடுத்திய துணிக்கு உயர்ந்த மதிப்பும் உண்டு. கோயிலில் பெரியோரின் தலையில் பரிவட்டம் கட்டுகிறார்கள். இறைவனுக்குச் சாத்திக் களைந்த துணி, சேஷ வஸ்திரம் என்ற பெயரில் மரியாதையாக வழங்கப்படுகிறது. திருமால் அணிந்து நீக்கிய ஆடையைத் தாம் அணிவதைப் பெரும் பேறாகப் பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் சொல்லுகிறார். ஆக, ஒருவர் உடுத்தியதை மற்றொருவர் உடுத்துவது இயல்பாகவே இழிவு என்று நம் மரபு கொள்ளவில்லை. கொடுப்பவர் யார், எந்த நிலையில் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தே பெருமையும் சிறுமையும் அமைந்தன. கோயிலில் பரிவட்டமாக இருக்கும் துணி, தெருவில் கந்தை எனப்பட்டது. கூச்சம் துணியில் இல்லை. நம் கண்ணில்தான் இருக்கிறது.

திருமலைக் கோயிலின் நிர்வாகம் 1843 முதல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தையடுத்து 1933-இல் தேவஸ்தானக் குழு பொறுப்பேற்றது. பக்தர்கள் காணிக்கையாகச் செலுத்தும் துணிகள் அங்கே மலைபோல் குவிகின்றன. அத்தனையையும் கோயில் தன் உபயோகத்திற்கே வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே ஏலம் விடுகிறார்கள். பிற்காலத்தில் இவ்வேலம் மின்வழி ஏலமாகவும் நடைபெற்று, வெளியூரில் இருப்பவரும் இணையத்தின் வாயிலாக விலை கூற வழி ஏற்பட்டது. பட்டும் பருத்தியும் பாலியஸ்டரும் ஆன வேட்டிகள், உத்தரீயங்கள், சேலைகள், ரவிக்கைத் துணிகள், துண்டுகள், தைத்த ஆடைகள், போர்வைகள், திரைகள் எனப் பலவும் ‘லாட்டு’ என வழங்கும் தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. இவ்வேல அறிவிப்புகளில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. புதியவை, பயன்படுத்தியவை, ஓரளவு சேதமுற்றவை என்று துணியின் நிலை ஒளிவு மறைவின்றிச் சொல்லப்படுகிறது. ஏழுமலையான் சந்நிதியிலிருந்து வந்த துணிக்கே குறையைக் கூறி விற்கும் முறை இருக்கிறதென்றால், நம் வீட்டுத் துணியின் குறையைச் சொல்ல நாம் ஏன் நாண வேண்டும்?

இனிக் கோயில் வாசலிலிருந்து தெருவுக்கு வருவோம். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று கூவிக்கொண்டு கூடையுடன் வரும் பெண்களை நாம் அறிவோம். இம்முறை நமக்கு மட்டும் உரியதன்று. ஹென்றி மேஹியூ என்ற ஆங்கில எழுத்தாளர் 1851-இல் வெளியிட்ட லண்டன் உழைப்பாளர் பற்றிய நூலில், பீங்கான் பாத்திரங்களைக் கொடுத்துப் பழந்துணி வாங்கிய தெரு வியாபாரிகளை விவரித்திருக்கிறார். வட இந்தியாவில் குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட வாக்ரி சமூகத்தார் இத்தொழிலில் ஈடுபட்டு, பாத்திரத்திற்கு மாற்றாகப் பெற்ற துணிகளைத் தில்லி ரகுவீர் நகர்ச் சந்தையில் விடியுமுன்பே கைமாற்றி வந்திருக்கிறார்கள். வாங்கிய துணி துவைக்கப்பட்டு, கிழிசல் தைக்கப்பட்டு, பெட்டி போடப்பட்டு, ஏழை எளியவர் உடுத்தும் ஆடையாக மீண்டும் பிறக்கிறது.

இந்தப் பண்டமாற்றில் விலை தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் மற்றொருவர். வீட்டுக்காரி ஒரு தூக்குப் பாத்திரத்தைப் பெற்று மகிழ்வாள். அவள் கொடுத்த பழம் பட்டில் அசல் சரிகை இருந்திருக்கலாம். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. புடவை நைந்தாலும் அந்த வெள்ளிக்கு விலை உண்டு. ஆகவே பழந்துணி வியாபாரத்தின் முதல் மூலதனம் பணம் அன்று, துணியைப் பற்றிய அறிவே என்று தெளியலாம்.

அறிவு இருந்தும் கைம்முதல் இல்லாமல் நலிந்தவர்களின் கதையும் உண்டு. 1971 டிசம்பரில் அகமதாபாத் நகரத்தில் பழந்துணி விற்கும் பெண்கள் நூறு பேருக்கு மேல் ஒரு பூங்காவில் கூடித் தம் குறைகளை எடுத்துரைத்தார்கள். இளா பட் அம்மையார் முன்னின்று, 1972-இல் ‘சேவா’ எனப்படும் சுயதொழில் புரியும் மகளிர் சங்கம் பதிவு பெற்றது. 1974-இல் அச்சங்கத்தின் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்திக் கூட்டுறவு வங்கி ஒன்றைத் தொடங்கினார்கள். உலகம் போற்றும் அந்தச் சங்கத்தின் தொடக்கத்தில் பழந்துணிக் கூடை இருக்கிறது. இத்தொழில் கேவலமானது என்பார்க்கு இதனினும் தக்க மறுமொழி வேறு வேண்டுமோ?

இணையச் சந்தையின் கதையோ மிக அண்மையது. 1995-இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் தொடங்கிய ஏலத் தளமே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. அதில் முதன்முதல் விலைபோனது பழுதடைந்த லேசர் விளக்குக் கோல் ஒன்று. விலை 14 டாலர் 83 செண்ட். பழுதானது என்று தெரியுமா என விற்றவர் கேட்க, பழுதானவற்றையே தாம் சேகரிப்பதாக வாங்கியவர் விடையளித்தாராம். நம் நாட்டில் 2000-இல் தோன்றிய பாஸி என்ற தளத்தை 2004-இல் ஈபே வாங்கியது. அந்த இந்தியத் தளமும் 2018-இல் மூடப்பட்டது. தளங்கள் வரும், போகும். குறையைச் சொல்லி விற்றவர் மீது வாங்கியவர் வைத்த நம்பிக்கையே நிலைத்த பொருள்.

இவ்வரலாற்றிலிருந்து தொழில் தொடங்குவோர் கொள்ளத்தக்க நெறிகள் சில உண்டு. முதலில் பிறர் துணியை வாங்கிக் குவிக்காமல் சொந்தப் பெட்டியிலிருந்தே தொடங்குவது நன்று. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது பழமொழி; விற்பதற்கும் அதுவே முதல் விதி. பட்டானால் மடிப்புகளில் இற்றிருக்கிறதா, சரிகை கறுத்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். படமும் பகல் வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும். விளக்கொளியில் நிறம் பொய் சொல்லும். புடவைக்கு நீளமும் அகலமும், தைத்த ஆடைக்கு மார்பளவும் உயரமும் அளந்து எழுத வேண்டும். கறையையும் கிழிசலையும் தனியே படமெடுத்துக் காட்ட வேண்டும். அஞ்சல் செலவைக் கணக்கிட்ட பின்னரே விலை கூற வேண்டும். தொட்டுப் பார்க்க இயலாத சந்தையில் நம் சொல்லே வாங்குபவரின் விரலாகிறது.

பெட்டியை ஒருமுறை காலி செய்வது வேறு. வாங்கி விற்பதையே தொழிலாகக் கொள்வது வேறு. பின்னதற்கு வரி விதிகள் உண்டு. உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்காமல் பழம்பொருளை வாங்கி விற்பவர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டின் மீதே சரக்கு சேவை வரியைக் கணக்கிட விதி இடம் தருகிறது. 2023 அக்டோபர் முதல் நாள் தொட்டு, பதிவு வரம்புக்குட்பட்ட சிறு விற்பனையாளர் ஒரு சேர்க்கை எண் பெற்று, மின்வணிகத் தளங்களில் பதிவின்றியே விற்க வழி செய்யப்பட்டது. ஆனால் இச்சலுகை தாம் வாழும் மாநிலத்துக்குள் விற்பதற்கு மட்டுமே உரியது. பெங்களூரில் இருந்துகொண்டு தளத்தின் வழியே சென்னைக்கு விற்கத் தொழில் தொடங்குவோர் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

முடிவாக ஒன்று. நல்ல துணியெல்லாம் தொலைபேசி வழியே விலைபோனால், கூடைக்காரப் பெண்ணுக்கு எஞ்சுவது கிழிந்தது மட்டுமே. அவளுக்கு இணையச் சந்தையின் வாசல் எளிதில் திறப்பதில்லை. நமக்கு அது திறந்திருக்கிறது. ஆகவே அவள் நம் வாசலுக்கு வரும்போது, வெறும் கந்தையை மட்டும் நீட்டாமல், உடுத்தத் தக்க இரண்டு துணிகளையும் துவைத்து மடித்துக் கொடுப்போமாக. நூறு பேராய்ப் பூங்காவில் கூடி இத்தொழிலுக்குத் தலைநிமிர்வைத் தேடித் தந்தவர்கள் அவளைப் போன்ற பெண்களே அல்லவா?