விரலுக்கு விலை வைத்த கதை

இந்த மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, "ஹாஸ்டல் மெஸ் நினைவுகள் எழுதட்டுமா?" என்றுதான் கேட்டேன். "அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க. நீ பார்க்கிற வேலையைப் பத்தி எழுதுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். நான் பார்க்கிற வேலை தொழிற்சாலைப் பாதுகாப்பு. பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும் சப்ஜெக்ட்! ஆனால் அதற்குள்ளே ஒரு சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப் வகுப்பு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஷூ போடாமல் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். லேத் அருகே முழுக்கைச் சட்டையோடு நின்ற என்னைப் பார்த்து எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஒரு நாள், "டேய், சுத்துற மெஷினுக்கு உன் சட்டை எது, கை எதுன்னு தெரியாதுடா" என்றார். அன்று வகுப்பே சிரித்தது. அந்தக் கண்டிப்பு தொழில் உலகத்துக்கு வந்து சேர எத்தனை பேருடைய கை போயிற்று என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு ரயில் டிரைவரின் கை

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் – உஸ்டர் ரயில்வேயில் பார்வெல் என்று ஒரு என்ஜின் டிரைவர். சம்பளம் நாளைக்கு 2 டாலர். சக ஊழியர் ஒருவர் தண்டவாளத்தைத் தவறாக மாற்றி வைத்துவிட்டதால் ரயில் தடம் புரண்டது. பார்வெலின் வலது கை நசுங்கியது. கம்பெனி மீது வழக்குப் போட்டார். 1842-ல் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, நஷ்டஈடு கிடையாது என்று தீர்ப்பளித்தார். ஆபத்தான வேலைக்குச் சம்பளமே கூடுதலாகத் தரப்படுகிறது, சக ஊழியரின் தவறுக்கு முதலாளி பொறுப்பல்ல என்பது அவருடைய வாதம்.

அதற்குப் பிறகு சுமார் எழுபது ஆண்டுகள் அமெரிக்கத் தொழிலாளி கோர்ட்டுக்குப் போனால் மூன்று பதில்கள் காத்திருந்தன. "உன் கவனக்குறைவும் இதில் இருக்கிறது." "ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்?" "தவறு செய்தது உன் சக ஊழியன், நாங்கள் அல்ல." இந்த மூன்றையும் தாண்டி ஜெயிப்பது குதிரைக்கொம்பு.

இதை இன்ஜினியர் கண்ணால் பாருங்கள். ஒரு பெல்ட்டுக்கு மூடி போட்டால் செலவு. மூடி போடாமல் விட்டு, ஒருவர் கை போனால்? பெரும்பாலும் செலவே இல்லை. வாசலில் வேறொருவர் வேலைக்குக் காத்திருக்கிறார். அப்புறம் எந்த மேனேஜர் மூடி வாங்குவார்?

526 பேர்

இந்தக் கணக்கை ஊரறிய வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஒரு இளம் பெண் வழக்கறிஞர். பெயர் கிறிஸ்டல் ஈஸ்ட்மன். 1907-ல், 26 வயதில், இரும்பு எஃகு ஆலைகளுக்குப் பேர்போன பிட்ஸ்பர்க் நகரத்துக்கு ஆய்வுக்காக வந்தார். அந்நகரம் அடங்கிய அலகேனி மாவட்டத்தில் 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை ஒரே வருடத்தில் வேலையில் இறந்தவர்களின் விவரங்களைத் திரட்டினார். மொத்தம் 526 பேர்! எஃகு ஆலைகளில் 195, ரயில்வேயில் 125, சுரங்கங்களில் 71, மீதி மற்ற தொழில்களில்.

அதோடு அவர் நிற்கவில்லை. இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய், "கம்பெனி எவ்வளவு கொடுத்தது?" என்று கேட்டு எழுதினார். மணமாகி இறந்தவர்களின் குடும்பங்களில் பாதிக்கு மேல் 100 டாலரோ அதற்கும் குறைவோதான் பெற்றிருந்தன. ஒரு காசும் பெறாத வீடுகளும் உண்டு. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மூடிவிடும் வழக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. உலை வெப்பத்தில் 12 மணி நேர ஷிப்ட் வேலை பார்க்கிறவனிடம் கவனம் எங்கிருந்து வரும்? அவருடைய ஆய்வு 1910-ல் புத்தகமாக வந்தது.

இதற்கு மருந்து ஐரோப்பாவில் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். 1884-ல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. தொழில்வாரியாக முதலாளிகள் சங்கமாகச் சேர்ந்து பிரீமியம் கட்ட வேண்டும். யார் தவறு என்ற கேள்வியே இல்லை, அடிபட்டால் நஷ்டஈடு. ஆபத்து அதிகமுள்ள தொழிலுக்குப் பிரீமியமும் அதிகம். அந்தச் சங்கங்களுக்கே பாதுகாப்பு விதிகள் போடவும், ஆலைகளைச் சோதிக்கவும் அதிகாரம் இருந்தது. 1897-ல் பிரிட்டனும் தன் வழியில் ஒரு நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றியது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1910-ல் இப்படி ஒரு சட்டம் செய்தது. 1911 மார்ச் 24 அன்று மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தள்ளிவிட்டது. மறுநாள், மார்ச் 25 சனிக்கிழமை, அதே நியூயார்க் நகரில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பற்றியது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. கதையில் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம், சரித்திரத்தில் நடந்திருக்கிறது.

அதே 1911 மே மாதம் விஸ்கான்சின் மாநிலம் சட்டம் இயற்றியது, அது நிலைத்தது. பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக 1948-ல் மிசிசிப்பி வந்து சேர்ந்தது.

மூடிகள் வந்த வழி

இனிமேல்தான் நம் ஆட்களுக்குச் சுவாரசியமான பகுதி. விபத்துக்குப் பணம் கட்டாயம் என்று ஆனதும், விபத்து கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவாக உட்கார்ந்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் தங்கள் இன்ஸ்பெக்டர்களை ஆலைக்குள் அனுப்பின. மெஷினுக்கு மூடி இருக்கிறதா? பிரீமியம் குறையும். இல்லையா? கூடும். மேனேஜருக்குப் புரியும் பாஷை அது.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் மாறின. சுழலும் தண்டில் காலரை இறுக்கும் செட் ஸ்குரூவின் தலை அப்போதெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சட்டை நூல் ஒன்று அதில் மாட்டினால் ஆளையே சுற்றி இழுத்துவிடும். தலையை உள்ளே அமுங்கும்படி செய்தார்கள். மர இழைப்பு மெஷினில் வெட்டுத்தலை சதுரமாக இருந்தது. மேஜைக்கும் தலைக்கும் நடுவே கை புகும் அளவுக்கு இடைவெளி. அதை உருண்டையாக மாற்றினார்கள். இடைவெளி குறைந்தது. கை தவறினாலும் முழு விரல்களும் போகாமல் நுனியோடு தப்பிக்க வழி பிறந்தது. இரண்டும் பிரமாதமான கண்டுபிடிப்புகள் அல்ல, நம் செகண்ட் இயர் பையன் வரைந்துவிடுவான். முன்பே ஏன் செய்யவில்லை என்றால், செய்ய வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

சிகாகோவில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பெனியின் சவுத் ஒர்க்ஸ் ஆலையில் 1906-ல் மட்டும் 46 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் ஒரு பத்திரிகை அதைப் பகிரங்கமாக எழுதியது. 1908-ல் அதே கம்பெனி பாதுகாப்புக் குழு அமைத்தது. 1912-ல் மில்வாக்கியில் பொறியாளர்களும் ஆலைக்காரர்களும் கூடிப் பாதுகாப்பு மாநாடு நடத்தினார்கள். அதிலிருந்து 1913-ல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் பிறந்தது.

1931-ல் டிராவலர்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஹைன்ரிச் ஒரு புத்தகம் எழுதினார். பெரிய காயம் ஒன்று நடந்தால், அதே மாதிரியில் சிறு காயம் 29, காயமே இல்லாமல் தப்பியது 300 என்று ஒரு முக்கோணம் போட்டார். நஷ்டஈடாகக் கொடுக்கும் ஒரு டாலருக்குப் பின்னால், மெஷின் நின்றது, புது ஆள் பழக்கியது என்று நாலு டாலர் மறைமுகச் செலவு இருக்கிறது என்றும் சொன்னார். இந்த எண்களைப் பின்னால் வந்தவர்கள் நிறையவே கேள்வி கேட்டிருக்கிறார்கள். 88 சதவீத விபத்துக்கு ஆளின் தவறான செயலே காரணம் என்றும் அவர் எழுதியதால், பழைய "கவனக்குறைவு" வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டது என்பது முக்கியமான குறை. ஆனாலும் மயிரிழையில் தப்பிய சம்பவத்தைக்கூட எழுதி வை, அது எச்சரிக்கை என்ற பாடம் இன்றும் நிற்கிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. பிற்காலத் திருத்தங்களோடு அதன் அட்டவணையைப் படித்தால் மனது என்னவோ செய்யும். கட்டைவிரல் போனால் 30 சதவீதச் சம்பாதிக்கும் திறன் இழப்பு. முழு ஆள்காட்டி விரலுக்கு 14. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் போனால் 5. 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. இ.எஸ்.ஐ. பெரிய பாதுகாப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஒன்று: அதில் முதலாளி கட்டும் சந்தா, அவர் ஆலையில் எத்தனை விரல் போனது என்று பார்ப்பதில்லை. விபத்தில்லாத ஆலைக்கும் விபத்து மலிந்த ஆலைக்கும் ஒரே விகிதம். அமெரிக்காவில் மூடிகளைக் கொண்டுவந்த அந்தப் பிரீமியம் கணக்கு இங்கே வேலை செய்வதில்லை.

நான் போட்ட கையெழுத்து

இதுவரை சரித்திரம் சொன்னேன். இப்போது என் கதை. படித்து முடித்த முதல் வருடம், ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் இன்ஜினியர் வேலை. பெயர் வேண்டாம். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே போகக் கூடாது என்பதற்காக. உற்பத்தி ஏறவேண்டும் என்று ஒரு பட்டனில் மரச்சக்கை செருகி வைத்திருப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு இரவு ஷிப்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு விரல் நுனி போயிற்று. வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பெரிய போர்டு. நூற்றுக்கணக்கில் எண் ஏறியிருந்தது. அதைப் பூஜ்யமாக்க யாருக்கும் மனமில்லை.

"தம்பி, பர்ஸ்ட் எய்டுன்னு எழுதி கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே அவரை கேட்டுல உட்கார வெச்சுடலாம், லீவு கணக்கு வராது" என்றார் போர்மேன். போட்டேன். 22 வயது, புது வேலை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவருடைய ஊன உதவித்தொகைக்கு ஆதாரமே ஒழுங்கான விபத்து ரிப்போர்ட்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கட்டுப் போட்ட கையோடு மறுநாள் கேட்டில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "வணக்கம் சார்" என்றார். அந்த வணக்கம் இன்னும் என்னை விடவில்லை. மரச்சக்கையும் அங்கேயேதான் இருந்தது.

விபத்துச் செலவைக் குறைக்க இரண்டு வழி உண்டு. காயத்தைக் குறைப்பது ஒன்று, காயத்தை எழுதாமல் விடுவது இன்னொன்று. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதற்கும் சரித்திரத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1987-ல் அல்கோவா அலுமினியக் கம்பெனிக்குத் தலைவராக வந்த பால் ஓநீல், முதல் முதலீட்டாளர் கூட்டத்தில் லாபத்தைப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பேசினார். கேட்டவர்கள் திகைத்தார்கள். யாருக்கு அடிபட்டாலும் 24 மணி நேரத்துக்குள் தனக்குச் செய்தி வரவேண்டும், மறுபடி நடக்காமலிருக்க என்ன திட்டம் என்பதும் கூடவே வரவேண்டும் என்றார். அவர் காலத்தில் காய விகிதமும் வெகுவாகக் குறைந்தது, லாபமும் பெருகியது. 1996-ல் மெக்சிகோ ஆலையில் தொழிலாளர்கள் விஷவாயுவால் பாதிக்கப்பட்டது மேலே தெரிவிக்கப்படவில்லை என்று தெரியவந்தபோது, நல்ல லாபம் காட்டிவந்த பெரிய அதிகாரி ஒருவரையே வீட்டுக்கு அனுப்பினார்.

என்னுடன் படித்த நண்பர்களில் பலர் இன்று ஆலைகளில் பொறுப்பில் இருக்கிறீர்கள். மூத்தவர்களில் சிலர் சொந்தமாகவே நடத்துகிறீர்கள். உங்கள் வாசலிலும் அந்தப் போர்டு இருந்தால், அதிலுள்ள எண்ணை ஒருமுறை உள்ளே போய் பட்டன்களோடு ஒத்துப் பாருங்கள். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: முதல் வருடத்திலேயே ஒரு இரவு ஷிப்டில் யாராவது ரிஜிஸ்டரை நீட்டுவார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். வேண்டுமானால் எனக்கு ஒரு போன் போடுங்கள். நம்பர் சங்கத்தில் இருக்கிறது.