கடல் கடந்த சுவீகாரம்



எனக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கள் கிராமத்தில் ஒரு சுவீகாரம் நடந்தது. பிள்ளைப் பேறு இல்லாத பெரியவர் ஒருவர் தம் தம்பியின் இரண்டாவது மகனைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டார். வாசலில் பந்தலிட்டிருந்தார்கள். உறவினரும் ஊராரும் கூடியிருந்தனர். பெற்ற தாய் தன் பிள்ளையைத் தூக்கி மற்றொருத்தியின் மடியில் வைத்தாள். மஞ்சள் நீர் பருகும் சடங்கும் நடந்தது. பெற்றவள் கண் கலங்கியதை அச்சபையில் எல்லாருமே பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனானான். தான் யார் வயிற்றில் பிறந்தவன் என்பது அவனுக்கும் தெரியும்; ஊருக்கும் தெரியும். பண்டிகை நாட்களில் இரண்டு வீடுகளிலும் அவனுக்கு இலை போட்டார்கள்.

அந்தச் சுவீகாரத்தில் மூன்று தரப்பினர் இருந்தனர். கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் ஒருவர், மூன்றாவதாக, இருவரையும் அறிந்த சாட்சிகள். பிள்ளை பக்கத்துத் தெருவுக்குப் போனால் ஊரே சாட்சி. கடல் கடந்து, மொழி தெரியாத ஒரு தேசத்துக்குப் போனால் சாட்சி யார்? பெற்றவள் மனமொப்பித்தான் கொடுத்தாள் என்று யார் சொல்வது? வளர்ந்தபின் அப்பிள்ளை வந்து கேட்டால், உன் தாய் இன்னாள் என்று யார் விடை கூறுவது? இந்தக் கேள்விகளுக்கு உலக நாடுகள் விடை தேடிய வரலாற்றையே இன்று உங்களிடம் சொல்ல முற்படுகிறேன்.

இவ்வரலாறு யுத்தத்தில் தொடங்குகிறது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் எண்ணற்ற குழந்தைகள் தாய் தந்தையரை இழந்தனர். அயல்நாட்டுச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளோ, பெற்றோர் இருந்தும் சமூகத்தால் ஒதுக்கப்பட்டனர். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் வாழ்ந்த ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் என்ற தம்பதியர் இக்குழந்தைகளின் நிலை கண்டு மனம் உருகினர். அவர்களுக்குத் தம் சொந்தப் பிள்ளைகள் இருந்தனர். எனினும் எட்டுக் கொரியக் குழந்தைகளை எடுத்து வளர்க்க விரும்பினர். ஒரு குடும்பம் இரண்டு அநாதைக் குழந்தைகளுக்கு மேல் கொண்டுவர அன்றைய அமெரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே 1955ஆம் ஆண்டில் அவர்களுக்காகவே அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. எட்டுக் குழந்தைகளும் விமானமேறி வந்தனர். பத்திரிகைகள் இச்செய்தியைக் கொண்டாடின. எங்களுக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று கேட்டு ஹோல்ட் தம்பதியருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன.

தொடக்கத்தில் இருந்தது கருணைதான்; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கருணைக்குச் சாட்சி வைக்க எவருக்கும் தோன்றவில்லை. வளர்ப்புப் பெற்றோர் கொரியாவுக்குப் போகாமலே, பதிலாள் ஒருவரை வைத்துத் தத்தெடுக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. குழந்தை விமானத்திலிருந்து இறங்கும்போதுதான் அதன் முகத்தை அவர்கள் முதன்முதலாகக் கண்டார்கள்.

போர் ஓய்ந்தது, கொரியாவும் வறுமையிலிருந்து மீண்டது. அநாதைகளின் தொகை குறைந்தால் வெளியே போகும் குழந்தைகளின் தொகையும் குறைய வேண்டுமல்லவா? நடந்தது வேறு. 1985ஆம் ஆண்டில் மட்டும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கொரியக் குழந்தைகள் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். இதுவரை அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். தாயும் தந்தையும் உயிரோடிருந்த பல குழந்தைகளுக்கு, அநாதை என்று புதிய பதிவேடு எழுதப்பட்டது. அநாதை என்று எழுதிவிட்டால் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. வேலை எளிதில் முடிந்துவிடும். இவ்வாறு அனுப்பப்பட்டவர்களில் 367 பேர் நடுவயது அடைந்தபின் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் முறையிட்டனர். பதிவேடுகள் பொய்யாக எழுதப்பட்டன, அதற்கு அரசும் பொறுப்பு என்று 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்த ஆணையம் தன் முடிவை வெளியிட்டது. அநாதையென்று எழுத ஒரு நிமிஷம் போதும். அது பொய் என்று நிலைநாட்ட ஒரு வாழ்நாளில் பாதி செலவாயிற்று.

நிற்க, நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் 1956ஆம் ஆண்டில் இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம் வந்தது. பெண் குழந்தையையும் சுவீகாரம் எடுக்கலாம் என்று அது வழி திறந்தது. ஆனால் அச்சட்டம் இந்துக்களுக்கு உரியது. அயல்நாட்டுத் தம்பதியர் இங்கே வந்து குழந்தை கேட்டால் அவர்களுக்கென்று சட்டம் இல்லை. ஆகவே 1890ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய பாதுகாவலர் சட்டத்தின்படி, நீதிமன்றத்தில் தம்மைக் குழந்தையின் பாதுகாவலராக நியமித்துக்கொண்டு, அதனை எடுத்துச் சென்று, தம் நாட்டில் தத்தெடுப்பார்கள். நம் நீதிமன்றத்தின் பார்வை விமான நிலையத்தோடு முடிந்துவிடும். அதன்பின் அக்குழந்தை மகவாக வளர்ந்ததா, ஏவலாளாக வளர்ந்ததா என்று கேட்பார் இல்லை.

1982ஆம் ஆண்டில் லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் இக்கொடுமைகளைக் குறித்து உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு, சட்டம் இல்லாத இடத்தில் சட்டம்போல நின்றது. முதலில் இந்தியப் பெற்றோரைத் தேட வேண்டும். கிடைக்காதபோதே அயல்நாட்டாரை நினைக்க வேண்டும் என்றது. வளர்க்க விரும்புவோரின் வீட்டையும் வாழ்க்கையையும் அவர்கள் நாட்டிலுள்ள அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்றது. எல்லாவற்றிலும் முக்கியமாக, குழந்தை பிறப்பதற்கு முன்போ, பிறந்து மூன்று மாதம் ஆவதற்குள்ளோ, அதைக் கொடுத்துவிடும் முடிவை எடுக்குமாறு பெற்றோரைத் தூண்டக் கூடாது. அவர்களாக முன்வந்தாலும் அனுமதிக்கக் கூடாது என்றது. கடனும் அவமானமும் நெருக்க, பிரசவ வலியும் தீராத ஒருத்தி வைக்கும் கைநாட்டு, சம்மதம் ஆகாது என்பதே இதன் பொருள். 1990ஆம் ஆண்டில் இந்த ஒழுங்குகளை நடத்த மத்திய தத்தெடுப்பு அமைப்பும் நிறுவப்பட்டது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குழந்தையை ஒப்படைத்த தாய் மனம் மாறித் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் இலங்கையில் நடந்ததைக் கேட்டால் நெஞ்சு பதறும். ஏறத்தாழ 11,000 குழந்தைகள் அத்தீவிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்குப் போயினர். ஹாலந்துக்கு மட்டும் ஏறத்தாழ 4,000 பேர். ஒப்படைக்கும் வேளையில் தாயாக நின்றவள் சில இடங்களில் தாயே அல்லள். கூலிக்கு அழைத்து வரப்பட்டவள். வளர்ந்தபின், பத்திரத்திலிருந்த பெயரைக் கொண்டு இலங்கைக்கு வந்து, அந்த அம்மையாரைத் தேடிப் பிடித்து, இரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, உறவு இல்லை என்று தெரிந்து திரும்பியவர்கள் உண்டு. எங்கள் கிராமத்துச் சபையில் இப்படியொரு பொய்த் தாயை நிறுத்தியிருக்க முடியுமா? அவள் பந்தலில் கால் வைத்தவுடனேயே, இவள் யார் என்று பத்துக் குரல்கள் எழுந்திருக்கும்.

ஒரு நாட்டின் நீதிமன்றம் எவ்வளவு விழிப்போடிருந்தாலும் மற்றொரு நாட்டின் வாசலுக்குள் அதன் கை நீளாது. ஆகவே நாடுகள் கூடிச் செய்ய வேண்டிய காரியம் இது. ஹாலந்து தேசத்து ஹேக் நகரில் 1893ஆம் ஆண்டு முதல் கூடிவரும் சர்வதேசத் தனியார் சட்ட மாநாடு இதனை முன்பே ஒரு முறை முயன்று பார்த்தது. 1965ஆம் ஆண்டில் அது வகுத்த தத்து உடன்படிக்கை, எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற ஆராய்ச்சியில் இறங்கியது. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளே அதை ஏற்றன. குழந்தைகளை அனுப்பும் நாடுகளுக்கு அதில் குரல் இல்லை.

இரண்டாம் முயற்சியில், அனுப்பும் நாடுகளும் பெறும் நாடுகளும் ஒரே அவையில் அமர்ந்தன. 1993ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் புதிய உடன்படிக்கை நிறைவேறியது. அதன் சாரத்தைச் சில சொற்களில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு நாடும் இதற்கென ஒரு மத்திய அதிகாரியை நியமிக்க வேண்டும். குழந்தைக்குத் தாய்நாட்டிலேயே தக்க குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பின்னரே, பணத்தால் தூண்டப்படாமல், விளைவுகளை உணர்த்திப் பெறப்பட வேண்டும். முறையற்ற ஆதாயம் எவரும் அடையக் கூடாது. இரு நாடுகளின் அதிகாரிகளும் இசைந்தாலன்றிக் குழந்தையை ஒப்படைக்கக் கூடாது. குழந்தையின் பிறப்பு பற்றிய செய்திகளை, முக்கியமாகப் பெற்றோர் இன்னார் என்பதை, அரசு காத்து வைக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சபை செய்த காரியத்தையே இரண்டு அரசாங்கங்கள் கூடிச் செய்ய வேண்டும் என்று இந்த உடன்படிக்கை கேட்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்த உடன்படிக்கையை முதலில் உறுதி செய்த நாடுகள் எவை தெரியுமா? மெக்ஸிகோ, ருமேனியா, இலங்கை. மூன்றும் தம் குழந்தைகளை அனுப்பிய நாடுகள். இழந்தவர்கள் முந்திக்கொண்டார்கள்! அம்மூன்று நாடுகளின் ஒப்புதலால் 1995ஆம் ஆண்டு மே முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2003ஆம் ஆண்டில் உறுதி செய்தது. மிகுதியான குழந்தைகளைப் பெற்ற அமெரிக்காவில் அது 2008ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மூலமாக நின்ற கொரியாவில் 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்துள்ளன.

விளைவு என்ன? 2004ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 45,000 குழந்தைகள் எல்லை கடந்து தத்துப் போயினர். பின்னர் அத்தொகை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. 2018இல் எத்தியோப்பியாவும் 2024இல் சீனாவும் கதவை அடைத்தன. சீனா நெருங்கிய உறவினருக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஹாலந்தும் 2024இல் இவ்வழக்கத்தையே நாளடைவில் நிறுத்த முடிவு செய்தது. இதை வெற்றி என்பார் ஒரு சாரார். இதனால், உண்மையாகவே குடும்பம் அற்ற குழந்தைகள், குறிப்பாக உடற்குறை உள்ளவர்களும் வயதில் மூத்தவர்களும், விடுதிச் சுவர்களுக்குள்ளேயே வளர்ந்துவிடுவார்களே என்று கேட்பார் மற்றொரு சாரார். இரண்டாவது கேள்வியையும் நாம் தள்ளிவிட முடியாது. தீமைக்கு அஞ்சிக் கதவை அடைத்தால் நன்மையும் வெளியே நிற்கும். உள்நாட்டிலே அக்குழந்தைகளை மடியில் ஏற்க நாம் முன்வராதவரை, கதவை அடைத்தோம் என்று பெருமை பேச நமக்கு உரிமை இல்லை.

ஓர் உடன்படிக்கை அன்பை உண்டாக்காது. கொடுத்தவளின் பெயரை அது காத்து வைக்கும். அவளைக் கேட்டுத்தான் கொடுத்தோம் என்று சொல்ல வைக்கும். அந்த அளவுக்கேனும் அது செய்தால் போதும்.

எங்கள் ஊர்ச் சுவீகாரப் பிள்ளை வளர்ப்புத் தந்தைக்குக் கொள்ளி வைத்தான். சில ஆண்டுகளுக்குப் பின், தன்னைப் பெற்றவள் இறந்தபோதும் வந்து தலைமாட்டில் நின்று அழுதான். யாரும் அவனை நீ யார் என்று கேட்கவில்லை. கடல் கடந்து போன பிள்ளைகளும் ஒரு நாள் திரும்பி வந்து நிற்பார்கள். அப்போது அவர்கள் கையில் இருக்கும் காகிதம் பொய்யாக இருக்கக் கூடாது.