தோட்டமும் தாமானும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் இளைப்பாறும் இடங்களின் வரலாறு

மலேசியத் தமிழர் ஒருவரிடம் ‘தோட்டம்’ என்று சொன்னால் அவர் மனத்தில் மலர்ச்செடிகள் தோன்றுவதில்லை. நிரை நிரையாக நிற்கும் இரப்பர் மரங்கள், லயத்து வீடுகள், விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டுக் களம், கங்காணி, மாரியம்மன் கோயில் ஆகியவையே தோன்றும். மலாய்மொழியில் ‘தாமான்’ என்பது பூங்காவைக் குறிக்கும் சொல். ஆனால் நம் பேச்சில் ‘நீங்கள் எந்தத் தாமான்?’ என்று கேட்டால், கேட்கப்படுவது வரிசை வீடுகள் அமைந்த குடியிருப்பின் பெயர். ஆகவே ‘நாங்கள் தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்துவிட்டோம்’ என்று நம்மவர் கூறுவதை அகராதிப் பொருளில் மட்டும் கேட்கும் அயலார், ஒரு பூங்காவிலிருந்து மற்றொரு பூங்காவுக்கு யாரோ உலாவச் சென்றதாகவே எண்ணக்கூடும். இரு மொழிகளும் செடிகொடிக்கென்று வைத்திருந்த இரண்டு சொற்களும் இம்மண்ணில் உழைப்புக்கும் உறைவிடத்துக்கும் பெயராகிவிட்டன. உண்மையான பூங்காவுக்கு நம் பேச்சில் எஞ்சிய சொல் யாது என்ற வினாவே என்னை இப்பொருளுக்கு இழுத்து வந்தது. சொல்லின் தடம் பற்றிச் செல்பவன் பெரும்பாலும் வரலாற்றின் வாசலிலேயே போய் நிற்கிறான்.

பழந்தமிழில் இளைப்பாறும் இடங்கள் இருவகையின. முதலாவது, காவலுக்குட்பட்டது. அரசன் நீராடி மகிழும் பொழிலை ‘இலவந்திகை’ என்றனர். பாண்டியன் ஒருவன் அவ்விடத்துப் பள்ளியில் உயிர்நீத்தமையால் ‘இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்’ என்றே பெயர் பெற்றான். மணிமேகலையில் வரும் உவவனமும் எவரும் எந்நேரமும் சென்று படுத்துறங்கும் இடமன்று. இரண்டாவது, ஊர்க்குப் பொதுவானது. மரத்தடியில் மக்கள் கூடும் ‘மன்றம்’, ‘பொதியில்’ ஆகியவையும், பிற்காலத்துச் சாவடியும் சத்திரமும் சுமைதாங்கிக் கல்லும் இவ்வகையின. நாம் இன்று மொழிமன்றம் என்று வழங்கும் சொல்லுக்கும் மூலம் ஒரு மரநிழலே என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். ‘கா’ என்னும் ஓரெழுத்தொருமொழி இவ்விரு வகைக்கும் இடையே நிற்கிறது. திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா என அது கோயிலூர்களின் பெயரில் நிலைத்துவிட்டது. தமிழர்க்குக் கோயிலும் சோலையும் ஒரே இடமாய் இருந்தமைக்கு இப்பெயர்களே சான்று. கோலாலம்பூரின் வரலாற்றை இவ்விரு வகைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு காண வேண்டும்.

1888ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலப் பொருளாளராக இருந்த ஆல்பிரட் வென்னிங், நகரின் மேற்குப் புறத்துப் பள்ளத்தாக்கில் பூங்கா ஒன்று அமைக்கலாம் என்று அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாமிடம் முன்மொழிந்தார். ஒப்புதல் விரைவிலேயே கிடைத்தது. லாலான் புல்லும் புதரும் அகற்றப்பட்டன. பிராஸ் பிராஸ் என்னும் சிற்றாறு அணையிடப்பட்டு ஏரியானது. அந்த ஏரிக்குச் சுவெட்டன்ஹாமின் துணைவியார் பெயரால் சிட்னி ஏரி என்று பெயரிடப்பட்டது. 1889 மே 13இல் ஆளுநர் சர் செசில் கிளெமென்டி ஸ்மித் அதனைத் திறந்துவைத்தார். இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1881இன் தீயும் வெள்ளமும் கூரைக் குடிசைகளாலான நகரைச் சிதைத்திருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், பூங்கா ஒன்றுக்கு அவ்வளவு விரைவில் இடமும் பணமும் கிடைத்தமை வியப்பளிக்கும். ஆயினும் காரணம் எளியது. வெப்ப நாட்டில் பணிபுரிய வந்த ஆங்கிலேயர்க்கு மாலைநேர உலா உடல்நலத்துக்கு இன்றியமையாதது என்ற நம்பிக்கை வலுவாக இருந்தது. 1884இல் தோன்றிய சிலாங்கூர் கிளப்பும் அதன் முன்னிருந்த பச்சைத் திடலும் ஏரிப் பூங்காவும் அவர்களுடைய மாலைப்பொழுதின் மூன்று நிலையங்களாயின. பூங்காவின் மேட்டில் சுவெட்டன்ஹாமுக்கெனக் கார்கோசா மாளிகையும் பின்னர் எழுந்தது.

அந்நாளில் சாலை போட்டவர், தண்டவாளம் பதித்தவர், நகரைத் துப்புரவு செய்தவர் ஆகியோரிடையே தமிழர் மிகுதியாக இருந்தனர். அவர்கள் எங்கே இளைப்பாறினர்?

இவ்வினாவை நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. கூலியைக் கணக்கிடுகின்றன, கப்பலேறியவர் தொகையைக் கணக்கிடுகின்றன, ஓய்வைக் கணக்கிடுவதில்லை. ஆனால் தொழிலாளரே அதனைக் கணக்கிட்டுக் கேட்டதுண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தில், ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளை மாணவர்கள் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். ஊதிய உயர்வு மட்டுமன்று அதில் இருந்தது. பத்து, பன்னிரண்டு மணிநேர வேலை ஒழிய வேண்டும். கள்ளுக்கடை மூடப்பட வேண்டும். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரைமார் முன்னும் அலுவலர் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்காமலே செல்லும் உரிமை வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். கடைசிக் கோரிக்கையைச் சிறியதென்று கருதுவோர் உளர். நான் அதனையே தலையாயதாகக் கருதுகிறேன். ஒரு மனிதன் தன் மாலைப்பொழுதில், தன் வண்டியில், தலைநிமிர்ந்து போகும் உரிமை அது. உலாவும் உரிமை என்று அதனைச் சொல்லலாம். அதற்கு விடையாகக் கிடைத்தது படையும் துப்பாக்கிச் சூடும். தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் கைதுசெய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஏரிப் பூங்காவின் அமைதியைப் பேசும்போது, ஏறத்தாழ இருபது கல் தொலைவில் நிகழ்ந்த இதனையும் சேர்த்தே பேச வேண்டும்.

தோட்டத்து வாழ்வில் இளைப்பாறும் இடங்கள் இல்லாமலில்லை. கோயிலடி மரம், பிள்ளைகள் பந்தாடும் திடல், லயத்து வாசல் என அவை சிறியவை. ஆனால் அவை எதுவும் தொழிலாளர்க்கு உரிமையானதன்று. நகரத்திலோ கடைவீட்டு முகப்பின் ஐந்தடி நடைபாதை இருந்தது. மலாய்க்காரர் ‘காக்கி லீமா’ என்பதை நம்மவர் ‘அஞ்சடி’ என்றனர்; இரண்டும் ஒரே அளவையின் பெயர்தான். பகலில் வழியாகவும் இரவில் படுக்கையாகவும் விளங்கிய அந்த அஞ்சடி, வீடில்லாத பலர்க்குப் பொதியிலாக இருந்தது என்றால் மிகையாகாது.

இவற்றினும் பெரிய இளைப்பாற்றி ஒன்று ஆண்டுக்கொரு முறை வந்தது. கி. தம்புசாமிப் பிள்ளை 1891இல் பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கிவைத்தார்; 1892 முதல் தைப்பூசம் அங்கே நிகழ்கிறது. ‘பத்துமலை’ என்ற பெயரை முருகனின் பத்தாவது மலை என்று விளக்குவோர் உண்டு. அது பக்தியின் விளக்கம். மலாயில் ‘பத்து’ என்றால் கல். எண்ணுப்பெயரோடு ஒலி ஒத்தமையால் தமிழர் நாவில் அது இனிதே ஒட்டிக்கொண்டது. நகர மாரியம்மன் கோயிலிலிருந்து குகை வரை செல்லும் இரத ஊர்வலப் பாதையில் எழும் தண்ணீர்ப் பந்தல்களே இந்நாட்டுத் தமிழர் தாமே அமைத்துக்கொண்ட முதற் பொது இளைப்பாறும் இடங்கள் என்பது என் கருத்து. அவற்றுக்கு வேலியில்லை, நுழைவோர் இன்னாரென்ற வினாவில்லை. மோர் வாங்கிக் குடிப்பவரிடம் எந்தத் தோட்டம் என்று கேட்பது பேச்சுக்காகவே.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இதற்கு வேறொரு சான்று. தீக்கும் வெள்ளத்துக்கும் பின் நகரைச் செங்கல்லால் எழுப்பத் தொடங்கியபோது சூளைகள் அமைந்த இடமாதலின் அப்பெயர் வந்தது. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 1886இல் இருப்புப் பாதை ஓடத் தொடங்கிய பின், இரயில்வே அப்பகுதியை விழுங்கிக்கொண்டது. தொழிலாளராகத் தமிழகத்தாரும் எழுத்தராக யாழ்ப்பாணத்தாரும் குடியேறினர். 1905ஐ ஒட்டி எழுந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்னும் வரிசை வீடுகளில் மூன்று தலைமுறையினர் வாழ்ந்தனர்; அவை இன்று இல்லை. நகராட்சிப் பூங்கா என்று சொல்லத்தக்கது அங்கே பெரிதாக எதுவும் இருந்ததில்லை. ஆனால் 1894இல் சிங்களப் பௌத்தர் நிறுவிய மகா விகாரையின் முற்றம், ஸ்காட் சாலையில் இலங்கைச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலின் வெளிவீதி, 1904இல் எழுந்த விவேகானந்த ஆசிரமத்தின் முன்புல்வெளி ஆகிய மூன்றும் அவ்வட்டாரத்தின் பூங்காக்களாகவே பயன்பட்டன. ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014இல் வெளிப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில், அதற்குள் ஒருநாளும் பயிலாதவரும் வழிபடாதவரும் கலந்துகொண்டனர். அவர்கள் காக்க நினைத்தது கட்டடத்தை மட்டுமன்று. வானம் தெரியும் ஒரு வெளியையும்தான். 2010இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வருகையின்போது தொடங்கிவைக்கப்பட்ட ‘லிட்டில் இந்தியா’ அலங்காரங்கள் கண்ணுக்கு நிறைவாக உள்ளன. ஆயினும் வளைவுகளுக்கும் நீரூற்றுக்கும் அருகே நிழலில் அமர இடம் தேடுபவர் இன்றும் கோயில் வாசலுக்கே செல்கின்றனர்.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக் கடைகளுக்கு அருகே ‘செட்டி பாடாங்’ என்று ஒரு திடல் உண்டு. முதற்சொல் தமிழ், இரண்டாவது மலாய். பெயர்ச்சொற்கள் இரண்டு சேர்ந்த இத்தகைய தொடரில் மலாய்மொழி பொதுப்பெயரை முன்வைத்துப் ‘பாடாங் செட்டி’ என்னும். தமிழோ சிறப்புப்பெயரை முன்வைக்கும். இரு வழக்கும் அவ்வூரில் செவிக்கு வருகின்றன. ஒரே புல்வெளியை இரண்டு இலக்கணங்கள் பங்கிட்டுக்கொண்டுள்ளன என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இப்பங்கீடு சொல்லளவில் நிற்பதன்று. ஓய்வு பற்றிய தமிழ், மலாய்த் தொடர்களை அருகருகே வைத்தால் மனப்போக்கின் ஒற்றுமை புலப்படும். உலாவச் செல்வதை நாம் ‘காற்று வாங்குதல்’ என்கிறோம். மலாய்க்காரர் ‘மாக்கான் ஆஙின்’, அதாவது காற்றை உண்ணுதல் என்கின்றனர். பூங்காக்களில் குடைபோல் விரிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மாலையில் அதன் இலைகள் மூடிக்கொள்வதைக் கண்டு நாம் தூக்கத்தை நினைத்தோம், மலாய்க்காரர் கடிகாரத்தை நினைத்து ‘புக்குல் லீமா’, ஐந்து மணி மரம் என்றனர். ‘கோலாம்’ என்னும் மலாய்ச்சொல் நம் ‘குளம்’ என்பதன் வழிவந்தது. ஏரிக்குரிய ‘தாசேக்’ என்பதோ அம்மொழிக் குடும்பத்தின் தொல்சொல். முற்காலத்தில் அது கடலையே குறித்தது. கடல் சுருங்கி ஏரியானது என்று கூறினால் மொழியியலார் சிரிப்பார்கள். ஆனால் பொருள்மாற்றம் நிகழ்ந்தது அவ்வாறே.

விடுதலைக்குப் பின் காவலுக்குட்பட்ட வெளிகள் பொதுவெளிகளாயின. கிளப்பின் முன்னிருந்த திடலில் 1957 ஆகஸ்டு 31 பிறக்கும் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. இன்று அது மெர்டேக்கா சதுக்கம். குதிரைப் பந்தயத் திடலாக இருந்த நிலத்தில், இரட்டைக் கோபுரங்களின் அடியில், 50 ஏக்கர்ப் பூங்கா விரிந்துள்ளது. அதனை வடிவமைத்தவர் பிரேசில் நாட்டு நிலவனப்புக் கலைஞர் ரொபெர்ட்டோ புர்லே மார்க்ஸ். தித்திவங்சா ஏரி, பழைய ஈயச் சுரங்கக் குழியில் நீர் நிறைந்து உருவானது. அங்கே மாலையில் நடப்போர் சீனத் தொழிலாளர் பலரின் உழைப்பின்மேல் நடக்கின்றனர். பயணியாக வருவோர்க்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றில் எதையுமன்று. நகர நடுவே 1906இல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டு, பலமுறை குறைக்கப்பட்டும் இன்னும் காடாகவே எஞ்சி நிற்கும் புக்கிட் நானாசை. காலையிலேயே சென்றால் நகரின் இரைச்சல் இலைகளால் வடிகட்டப்பட்டு வருவதைக் கேட்கலாம்.

நம் வரலாற்றோடு நெருங்கிய இடம் புக்கிட் ஜாலில். 1998இன் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கென அங்கே எழுந்த அரங்கும், அதன் அருகே பரந்துள்ள பொழுதுபோக்குப் பூங்காவும் பெயர்பெற்றவை. அவ்வட்டாரம் முன்னர்த் தோட்டம். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த இடம். தோட்டம் போன பின்னரும் லயங்களில் எஞ்சியிருந்த குடும்பங்கள் மாற்று வீட்டுக்காகப் பல்லாண்டு போராடின. ‘தோட்டம்’ உண்மையிலேயே ‘தாமான்’ ஆகிவிட்ட இடம் அது. இம்முறை அகராதிப் பொருளில். பழைய பாங்சாரும் அவ்வாறே ஓர் இரப்பர்த் தோட்டத்தின் பெயர். புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளியர் இருவர் பெயரின் சேர்க்கையே அது என்பர். முதலாளியின் பெயர் ஊர்ப்பெயராய் நின்றுவிட்டது. பால்வெட்டியவர் பெயர் எந்தச் சாலைப் பலகையிலும் இல்லை. ‘சடக்கு’ என்று அவர்கள் சொன்ன சாலைகளுக்கு அவர்களே வைத்திருந்த பெயர்கள் முதியோர் சிலர் நினைவில் மட்டும் உள்ளன. எழுதி வைக்கப்பட்டவை மிகக் குறைவு.

சிங்கப்பூர்த் தமிழர் தம் தாவரவியல் பூங்காவுக்குப் ‘பூமலை’ என்று பெயரிட்டு, அதனை இன்றும் ஏடுகளில் வழங்குகின்றனர். கோலாலம்பூர் ஏரிப் பூங்காவுக்கு அத்தகைய தமிழ்ப்பெயர் ஒன்று வேரூன்றவில்லை. ஆங்கிலப் பெயராய் இருந்தது 1975இல் தாமான் தாசேக் பெர்டானா ஆயிற்று. 2011இல் பெர்டானா தாவரவியல் பூங்கா ஆயிற்று. பிரிக்பீல்ட்ஸ் முதியவர்கள் மட்டும் இன்னும் ‘லேக் கார்டன்’ என்றே கூறுகின்றனர். வாடகை வண்டி ஓட்டுநர்க்கும் அது உடனே விளங்கிவிடுகிறது.