ஆறு ஆசிரியரும் ஒரு யாழும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள் ஓரிடத்தில் தம் நடை தானாக வேகமெடுப்பதை உணர்ந்திருப்பார்கள். மாதவி அரங்கேறுவதற்கு முன் அவளுக்குத் துணைநின்ற ஆசிரியர்களின் இலக்கணத்தை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஆறு பேர். முன்னவர்களை உரையின் துணைகொண்டு ஒருவாறு விளக்கிவிடலாம். யாழாசிரியனிடம் வந்ததும் குரல், துத்தம், கைக்கிளை என நரம்புகளின் பெயர்களும், ஒரு பாலை மற்றொரு பாலையாகத் திரியும் கணக்கும் வழிமறிக்கும். ‘இது இசைத்துறையைச் சேர்ந்தது, தேர்வுக்கு வராது’ என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவோம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே போயிருக்கிறோம்.

அப்படி நாம் தாண்டிச் செல்லும் ஏறத்தாழ இருபத்தைந்து அடிகளுக்குள் ஒருவர் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளைச் செலவிட்டார். அவர் சுவாமி விபுலானந்தர். அவ்வடிகளுக்கு ஒரு விரிவுரையாகவே அவருடைய யாழ்நூல் அமைந்தது. அந்நூல் உருவான வரலாற்றில் செட்டிநாட்டுக்கு இரண்டு பங்குகள் உண்டு. பல துறை ஆசிரியர்கள் கூடி ஆய்வு செய்ய வேண்டும், கூடிக் கற்பிக்க வேண்டும் என்று இன்று சுற்றறிக்கைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. அந்தக் கூட்டுழைப்பு எதிலிருந்து பிறக்கிறது என்பதை யாழ்நூலின் கதையைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று நம் வட்டாரத்தில் வேறில்லை என்பது நம் எண்ணம்.

உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை முதன்முதலாக முழுமையாக அச்சிட்ட ஆண்டு 1892. அதே ஆண்டில்தான் இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் மயில்வாகனன் பிறந்தார். கொழும்பில் அறிவியல் பயின்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் வென்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்றார். பின்னர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். தமிழ்ப் பண்டிதரும் அறிவியல் பட்டதாரியும் ஓருடம்பில் குடியிருந்தனர் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதற்பங்கு கானாடுகாத்தானிலிருந்து தொடங்குகிறது. அவ்வூரைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதையடுத்துத் தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் அங்கே கல்லூரிகள் எழுந்தன. இவையெல்லாம் ஒன்றாகி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஏற்கெனவே இயங்கிவந்த பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பதையே முதற்பணியாகத் தொடங்கியவை. இங்கோ இயற்பியல் ஆசிரியரும் இசையாசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வளாகத்தில் குடியிருந்து ஒரே சாலையில் நடந்தார்கள். அங்கே 1931இல் தமிழ்ப் பேராசிரியராக வந்து அமர்ந்தவர் அறிவியல் பட்டம் பெற்ற விபுலானந்தர். இன்றைய விதிகளின்படி அவருடைய விண்ணப்பம் முதற்கட்டப் பரிசீலனையையே தாண்டியிருக்குமா என்பது ஐயம்தான்.

1933 வரை அவர் அங்கே இருந்தார். 1930களில் தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை அப்பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக விளங்கினார். பிற்காலத்தில் தொல்காப்பியத்துக்கும் பன்னிரு திருமுறைக்கும் வரலாறு எழுதிய க.வெள்ளைவாரணனார் அக்காலத்தில் அங்கே மாணவர். அடிகளார் பதவியை விட்டு அகன்ற பின்னும் அவருக்குள் எழுந்த வினா அவரை விடவில்லை.

அந்த வினா எளிமையானது. யாழ் எப்படி ஒலித்தது? சங்க இலக்கியம் முழுவதும் யாழ் ஒலிக்கிறது; தேவாரத்திலும் ஒலிக்கிறது. ஆனால் ஒரு யாழ்கூட நம் கைக்கு வந்து சேரவில்லை. பெயர்களை மட்டும் உரையாசிரியர்கள் காத்து வைத்தார்கள். இலக்கியம் மட்டும் கற்றவருக்கு இளி என்பது ஏழு நரம்புகளில் ஒன்றின் பெயர். அதற்கு ஒலி கிடையாது. பாடகருக்கு ஒலி தெரியும். பழம்பாடலின் சொல் திறக்காது. இயற்பியல் கற்றவருக்கு அதிர்வின் விகிதம் தெரியும். அதைத் தமிழ்ப் பாட்டில் தேடவேண்டும் என்று தோன்றாது. மூவரில் யாருக்கும் தனியே விடை கிடைக்காத வினா அது.

கணக்கைச் சற்றே தொட்டுப் பார்க்கலாம். ஏழு நரம்புகளுக்கும் மரபு சொல்லும் அலகுகள் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22. ஒரு நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் இளி பிறக்கும். பாதியாகக் குறைத்தால் மேல் ஸ்தாயிக் குரல் பிறக்கும். இளிக்கு இளியாகப் பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு ஸ்தாயி ஏறித் தொடங்கிய குரலிலேயே வந்து நிற்க வேண்டும். ஆனால் 128 வரவேண்டிய இடத்தில் 129.75 அளவுக்கு வந்து நிற்கும். சிறியதொரு மிச்சம். இந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் உலகின் இசைமரபுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. தஞ்சையில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதிகள் என்று வாதிட்டார். விபுலானந்தர் 22 என்று கொண்டார். இருவருள் யார் சரி என்பது இங்கே நம் வழக்கன்று. பழம்பாடலின் ஒரு சொல்லுக்குப் பொருள் காண இருவருமே விகிதக் கணக்குக்குள் இறங்கவேண்டியிருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

இரண்டாம் பங்கு புதுக்கோட்டையில் நிகழ்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அடிகளார் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். கணக்கும் குறிப்பும் கூடவே பயணம் செய்தன. கோனூர் ஜமீன்தார் பெ.ராம.ராம.சித.சிதம்பரம் செட்டியார் தம் புதுக்கோட்டை இல்லத்தில் அவரைத் தங்கவைத்து நூல் நிறைவேறத் துணைநின்றார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட முன்வந்தது. 1947 ஜூன் 5, 6 ஆகிய நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. நூலின் கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்களைப் பொன்னையா பிள்ளையின் மகன் க.பொ.சிவானந்தம் மீட்டினார். மரவேலை செய்தவர், நரம்பு கட்டியவர், இசைத்தவர், அச்சிட்டவர், சோறிட்டவர் எல்லோரும் சேர்ந்தே அந்த ஒலி எழுந்தது. மாதவிக்கு ஆறு ஆசிரியர் வேண்டியிருந்ததை இளங்கோவடிகள் அறியாமலா எழுதினார்?

நோயுற்றிருந்த அடிகளார் ஜூலை 19 அன்று மறைந்தார். அதற்கடுத்த மாதத்தில், 1947 ஆகஸ்ட் 11 அன்று, காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பா கல்லூரி தொடங்கியது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அத்தோடு நிற்கவில்லை. மின்வேதியியல் ஆய்வுநிலையம் இங்கே அமைய வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953இல் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கல்லூரியில் வ.சுப.மாணிக்கனார் தொல்காப்பியமும் அகத்திணையும் நடத்திக்கொண்டிருந்த அதே வட்டாரத்தில் உலோக அரிப்பும் மின்கலமும் ஆராயப்பட்டன. பின்னாளில் அந்நிலையத்தின் விஞ்ஞானிகளே பாடம் நடத்தும் பொறியியல் பட்டப்படிப்பு ஒன்றும் தோன்றியது. ஆய்வு செய்பவரே ஆசிரியராகவும் நிற்கும் முறைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இதே சிவகங்கை மாவட்டத்தில் கீழடி இருக்கிறது. 2014இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழத் தொடங்கியது. 2019இல் தமிழகத் தொல்லியல் துறை தன் அறிக்கையை வெளியிட்டது. கரித்துண்டு அமெரிக்க ஆய்வகத்துக்கும், எலும்பு புனே டெக்கான் கல்லூரிக்கும், பானை ஓடு வேலூருக்கும் இத்தாலியின் பீசாவுக்கும் போய் வந்தன. ஓட்டின் மேல் கீறப்பட்ட எழுத்தைத் தமிழறிந்தவர்கள் படித்தார்கள். எந்த ஓடும் தன்னை எந்தத் துறைக்கு உரியது என்று சொல்லிக்கொண்டு மண்ணிலிருந்து வருவதில்லை. குழியின் ஓரத்தில் நிற்கும்போது துறைகள் தாமாகவே கூடுகின்றன. வகுப்பறையில் மட்டும் ஏன் கூட மறுக்கின்றன?

ஒருமுறை நாம் கூட்டிப் பார்த்தோம். அரங்கேற்று காதை நடத்தவேண்டிய வாரத்தில் இயற்பியல் துறை நண்பர் ஒருவரை அழைத்தோம். மரப்பெட்டியின் மேல் கம்பி இழுத்துக் கட்டிய சோனாமீட்டர் ஒன்றை அவர் தூக்கி வந்தார். தொண்ணூறு சென்டிமீட்டர் நீளத்தில் கம்பியைத் தட்டி ‘இது குரல்’ என்றோம். கட்டையை நகர்த்தி அறுபதில் நிறுத்தித் தட்டினார். பின் வரிசையில் இருந்த, கோயிலில் தேவாரம் பாடும் குடும்பத்து மாணவன் தன்னை அறியாமல் அந்தச் சுரத்தை முணுமுணுத்தான். இளி என்ற சொல்லுக்கு நம் வகுப்பில் முதன்முறையாக ஒலி பிறந்தது. கற்பிக்கத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சொல்லை நாமே அன்றுதான் கேட்டோம்.

அந்த முயற்சி மூன்று வகுப்புகளுக்கு மேல் நீளவில்லை. அந்த மணிநேரங்களை எந்தத் துறையின் பணிச்சுமையில் எழுதுவது என்ற கேள்வி அலுவலகத்தில் எழுந்தது; விடை கிடைக்கவில்லை. நண்பர் தம் ஆய்வகத்துக்குத் திரும்பினார். நாம் பாடத்திட்டத்துக்குத் திரும்பினோம். யாரிடமும் தீய எண்ணம் இல்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான். அண்ணாமலை நகரும் புதுக்கோட்டை இல்லமும் விபுலானந்தருக்கு அளித்தவற்றுள் பெரியது பொருளுதவியன்று. ‘இது எந்தத் துறை?’ என்று அவரிடம் கேட்காமல் இருந்தார்களே, அதுதான்.

வகுப்பு முடிந்த நாளில் ஒரு மாணவி எழுந்து நின்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “ஐயா, இதைத் தமிழ் நோட்டில் எழுதுவதா, தனி நோட்டு போடவேண்டுமா?”

தமிழ் நோட்டிலேயே எழுதச் சொன்னோம்.