குடிநோயிலிருந்து மீட்பு: ஒரு வரலாற்றுப் பார்வை

காவிரி பாயும் நம் தஞ்சைத் தரணியில், அறுவடைக் கூலி வீடு வந்து சேருமுன் கடையில் கரையும் அவலத்தை நாம் நன்கறிவோம். 1937-ல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். 1971-ல் அது தளர்ந்தது. 1974-ல் மீண்டும் வந்தது. பின்னர் மறுபடியும் தளர்ந்தது. சட்டங்கள் வந்து போயின. குடிநோயோ நம் இல்லங்களை விட்டுப் போகவில்லை.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்னும் இரு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்று மதுவைத் துறந்தனர். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இவ்வாறே பிறந்தது. மருத்துவமனைகள் குடிநோயாளரை ஏற்கத் தயங்கிய அக்காலத்தில், 1939-ல், அந்நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேஷியா அவர்களுக்குப் படுக்கை தந்தார்.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். அந்நிறுவனம் நம் டெல்டாவின் மஞ்சக்குடிக்கே வந்து, குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு பதினைந்து நாள் முகாம்களை நடத்தியது.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே முதலில் அரசு மருத்துவமனையை நாடுவோம். அங்கேயோ, 14446 என்னும் இலவசத் தொலைபேசியிலோ அருகிலுள்ள உதவி மையங்களைக் கேட்டறியலாம். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களுக்குக் கட்டணமில்லை, பெயரும் வெளிவராது. குடியை விட வேண்டும் என்ற விருப்பமே போதும். குடும்பத்தாருக்கு ‘அல்-அனான்’ உண்டு.

குடிநோயாளியைப் பழித்தது போதும். அவரை முதல் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லும் துணையாய் நாம் இருப்போமாக!